பாலைவன ஓரத்தில் ஒரு முஸாபிர்

 

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் அல்லாஹுதஆலா சேர்த்து வைத்துள்ளான். சொந்த ஊரில் செல்வராயிருப்பவரும் வழியில் கைப்பொருள் இழந்து நின்றால் அவ்வகையில் அடங்குவார். முஸாபிரின் நிலையை முழுமையாக அனுபவித்தவர்களுள் இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானிக்குச் சகலர் என்பதால் நம் நாட்டார் அவர்களை ஓரளவு அறிவர். எனினும், ஸஹாராப் பாலையின் ஓரத்தில் அவர்கள் தங்கிய இடங்களைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம்.

ஹிஜ்ரி 703இல் (கி.பி. 1304) மொராக்கோவின் தன்ஜா நகரில், காஜிகள் பலர் தோன்றிய குடும்பத்தில் பிறந்தார்கள். மாலிக்கி மத்ஹபில் கல்வி கற்று, 1325இல் தமது 21ஆம் வயதில் ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டார்கள். எகிப்திலிருந்து ஷாம் தேசம் செல்லும் மணல் வழியில் ஒவ்வொரு மன்ஸிலிலும் ஒரு கான், அதாவது தங்கும் விடுதி இருந்தது. வெளியே பொதுத் தண்ணீர்த் தொட்டி. அருகே தமக்கும் வாகனப் பிராணிக்கும் வேண்டியவற்றை வாங்க ஒரு கடை. பெரிய வசதி ஏதுமில்லை. ஆயினும் இவ்வளவும் இருந்ததால்தான் அப்பாலையைக் கடக்க முடிந்தது.

இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1349இல் தாயகம் திரும்பினார்கள். தந்தையார் வஃபாத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்தி அதற்கு முந்தைய ஆண்டே திமிஷ்கில் கிடைத்திருந்தது. தாயாரோ, மகன் வந்து சேர்வதற்குச் சற்று முன்னர்தான் கொள்ளை நோயில் மறைந்திருந்தார்கள். உலகம் முழுதும் விருந்தினராக இருந்தவருக்குச் சொந்த வீட்டில் வரவேற்கப் பெற்றோர் இல்லை.

1351இல் மீண்டும் புறப்பட்டு, பாலையின் வாசலாகிய ஸிஜில்மாஸாவை அடைந்தார்கள். ஸிஸ் ஆற்று நீரால் பேரீச்சந் தோப்புகள் செழித்த ஊர் அது. அதன் பழங்களைப் பஸராவின் பழங்களுக்கும் மேலாக மதித்திருக்கின்றார்கள். அங்கே அபூ முஹம்மத் அல்புஷ்ரீ என்னும் ஃபிக்ஹு அறிஞரின் இல்லத்தில் தங்கினார்கள். என்ன வியப்பு! அவ்வறிஞரின் உடன்பிறந்தாரைச் சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சீனத்தில் சந்தித்திருந்தார்கள். அங்கே இருவரும் ஊர் நினைவில் கண்ணீர் வடித்தவர்கள். ஒரே வயிற்றில் பிறந்த இருவர் உலகின் இரு முனைகளில். ஒருவருடைய செய்தியை மற்றவரிடம் கொண்டு வந்தவர் ஒரு முஸாபிர். அண்ணன் தம்பி ஒரே தெருவில் இருந்தும் ஸலாம் சொல்லாத வீடுகளை நாம் அறிவோம். அந்த இல்லத்தில் விருந்தினருக்குக் கிடைத்த சங்கை மிகப் பெரிது. ஒட்டகங்கள் வாங்கி, நான்கு மாதம் தீனியிட்டுத் தேற்றிக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 753 முஹர்ரம் முதல் நாளில் (1352 பிப்ரவரி) வணிகக் கூட்டத்துடன் கிளம்பி, 25ஆம் நாள் தகாஸா வந்தார்கள். மரம் ஒன்றுகூட இல்லாத உப்புச் சுரங்க ஊர். வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டவை. கூரையோ ஒட்டகத் தோல். தண்ணீர் உவர்ப்பு, எங்கும் ஈக்கள். பத்து நாட்கள் அங்கே சிரமத்துடன் தங்கினார்கள். அவ்வுப்பை வெட்டியவர்கள் மஸூஃபா கூட்டத்தாரின் அடிமைகள். பேரீச்சம் பழம், ஒட்டக இறைச்சி, தெற்கிலிருந்து வரும் தானியம் ஆகியவையே அவர்களின் உணவு. பத்து நாளில் வெளியேறிவிடும் விருந்தினருக்கே அவ்விடம் சிரமமென்றால் வெளியேற வழியில்லாதோரின் நிலை என்ன? இதனை அவர்கள் சுருக்கமாகக் கூறிச் சென்றாலும் நம்மால் எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

அதன் பின்னர் நீரற்ற பாலையையும் கடந்து, இரண்டு மாத முடிவில், இன்று மௌரிடானியாவிலுள்ள வலாட்டாவை எட்டினார்கள். கடும் வெயில், சில பேரீச்ச மரங்களின் நிழலில் தர்ப்பூசணி பயிரிட்டிருந்தனர். ஊரதிகாரி விருந்துக்கு அழைத்தார். சுரைக்குடுக்கையின் பாதியில், இடித்த சிறுதானியத்துடன் சிறிது தேனும் தயிரும் கலந்து வைத்தார்கள். இதுவா விருந்து என்று மனம் சலித்து, இம்மக்களிடம் நன்மையேதும் எதிர்பார்ப்பதற்கில்லை என எண்ணி, ஊர் திரும்பவும் நினைத்தார்கள். அவ்வூரார்க்கு அதுவே உயர்ந்த விருந்து எனத் தோழர்கள் கூறியிருந்தும் மனம் ஆறவில்லை.

பெரியவர்களின் குறையை மறைத்து எழுதுவது வழக்கம். ஆனால் இதனைத் தம் நூலில் அவர்களே மறைக்கவில்லையே! டெல்லி அரசவையின் விருந்துகளை உண்ட நாவு பாலைவனக் குடுக்கையை எடை போட்டது பிழையென்றே நாம் கருதுகின்றோம். எனினும் திரும்பிவிடாமல் அங்கு ஏறத்தாழ ஐம்பது நாட்கள் தங்கினார்கள். மேலும் தெற்கே மாலி தேசம் சென்றபோது, அம்மக்களின் தொழுகைப் பேணுதலையும், பிள்ளைகளைக் குர்ஆன் மனனம் செய்ய வைக்கும் உறுதியையும், வழிப்போக்கர் அச்சமின்றிச் செல்லும் பாதுகாப்பையும் மனமாரப் பாராட்டினார்கள்.

1353இல் சுல்தான் அபூ இனான் அவர்களின் ஆணைப்படி திரும்பி, மீண்டும் ஸிஜில்மாஸா வழியே, கடும் பனி பொழியும் மலைப்பாதையில் ஃபாஸ் நகரை அடைந்தார்கள். அங்கே இப்னு ஜுஸய் எழுத, தாம் சொல்ல, 1355இல் நூல் நிறைவுற்றது. பின்னர் காஜியாகப் பணிபுரிந்து, ஹிஜ்ரி 770 அளவில் வஃபாத்தானார்கள்.

ஸிஜில்மாஸா இன்று ரிஸ்ஸானி என்னும் ஊரின் அருகே இடிந்த மண்சுவர்களாகக் கிடக்கின்றது. இடம் கொடுத்த அபூ முஹம்மதின் பெயர் மட்டும், அவர் வீட்டில் தங்கிய விருந்தினரின் நூலில் எஞ்சி நிற்கின்றது.