வலி என்கிற நோட்டிஃபிகேஷன்... ஊன்றுகோலோடு நடப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய டாக்டர் பால் பிராண்டின் கதை!

காலில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. பாதத்தில் மாவுக்கட்டு, ரெண்டு கக்கத்திலும் கட்டை. 'நான் சொல்ற வரைக்கும் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது' என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். முதல் வாரம் வலி இருந்ததால் நீங்களும் சொன்ன பேச்சைக் கேட்டீர்கள். இப்போது வலி குறைந்துவிட்டது. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் நாலே எட்டுதான். அதுக்கு எதுக்கு இவ்ளோ பாடு? ஒரே ஒரு தடவை ஊன்றிக்கிட்டா என்ன ஆகிடப்போகுது?

செய்யூர் மாதிரி ஊரில் இருந்தால் இந்தச் சலிப்பு இன்னும் சீக்கிரம் வரும். கடற்கரைப் பக்கம் போனால் கட்டையின் நுனி மணலில் புதையும். பஸ் படிக்கட்டு உயரம். மதுராந்தகம் வழியாகச் செங்கல்பட்டுக்கு செக்கப் போய் வருவதற்குள் அரை நாள் போய்விடும்.

அந்தச் செங்கல்பட்டில்தான் 1947-ல் ஓர் இளம் டாக்டரின் வாழ்க்கை திசை மாறியது. அதுக்கப்புறம் அவர் ஆயுள் முழுக்க ஆராய்ந்தது, கிட்டத்தட்ட நீங்கள் இப்போது கேட்கிற இதே கேள்வியைத்தான். அவர் பெயர் பால் பிராண்ட்.

கொல்லிமலைப் பையன்

பெயரைப் பார்த்து வெளிநாட்டுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பால் பிராண்ட் பிறந்தது 1914 ஜூலை 17 அன்று, வளர்ந்தது நம்ம கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்து மலையில் தங்கிய மிஷனரிகள். மலை மக்களின் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுப்பதும் அவர்கள் வேலையாக இருந்தது. பையன் தமிழ் பேசிக்கொண்டு, மரம் ஏறிக்கொண்டு வளர்ந்தான்.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929-ல் மலேரியா முற்றி வந்த காய்ச்சலில் ஜெஸ்ஸி கொல்லிமலையிலேயே இறந்துபோனார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பால் மருத்துவக் கல்லூரிக்குப் போகவில்லை. கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டார். மருத்துவமெல்லாம் அதற்குப் பிறகுதான். லண்டனில் படித்து, உலகப்போர்க் காலத்தில் குண்டுவீச்சில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து பழகி, 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே அவர் மனைவி டாக்டர் மார்கரெட்டும் வந்தார்.

செருப்பு வாரும் ஒரு பிடியும்

செங்கல்பட்டு திருமணியில் அப்போது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. இன்று அது மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம். அங்கே தொழுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். அவர் அழைத்ததால் பிராண்ட் ஒரு நாள் சுற்றிப் பார்க்கப் போனார்.

தரையில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் தன் செருப்பைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தார். விரல்கள் மடங்கிப்போயிருந்ததால் வார் கைக்குப் பிடிபடவில்லை. அந்தக் கையில் பலமே இருக்காது என்றுதான் பார்த்தவர்கள் நினைப்பார்கள். பிராண்ட் தன் கையை அவர் கைக்குள் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அடுத்த நொடி பிராண்டுக்கு உயிர் போகிற வலி. பிடித்தவருக்கோ, எதிரில் இருப்பவருக்கு வலிக்கும் அளவுக்கு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

அந்த வலியில் பிராண்டுக்கு ரெண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, அந்தக் கையில் நல்ல தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரண்டு, அந்த இளைஞரிடம் இல்லாமல் போனது உணர்ச்சி. முதல் விஷயத்தை வைத்து, நன்றாக இருக்கும் தசைநாரை எடுத்து செயலிழந்த இடத்தில் இணைக்கும் அறுவை சிகிச்சைகளை வேலூரில் தொடங்கினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. இரண்டாவது விஷயம் அவரைப் பாதத்துக்குக் கொண்டுபோனது.

ஆறாத புண்ணின் ரகசியம்

தொழுநோய் பாதித்தவர்களின் பாதத்தில் புண் வந்தால் ஆறாது, அந்தச் சதையே கெட்ட சதை என்றுதான் அன்றைக்குப் பல டாக்டர்களே நம்பினார்கள். பிராண்ட் அந்தப் பாதங்களை மாதக்கணக்கில் உற்றுக் கவனித்தார். புண் கண்ட இடத்திலெல்லாம் வரவில்லை. முன்பாதம், குதிகால் என்று நடக்கும்போது எடை விழுகிற இடங்களில்தான் வந்தது. அதே பாதத்துக்கு மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைக் குறைத்தால், வருஷக்கணக்கில் ஆறாத புண்ணும் ஆறியது.

அப்படியென்றால் சதையில் கோளாறு இல்லை. தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்கி, வலியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பாதத்தைக் கெடுப்பது, வலி இல்லாததால் அதன் மேலேயே தொடர்ந்து நடப்பதுதான்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்கள் செருப்புக்குள் சின்னக் கல் புகுந்தால் என்ன செய்கிறீர்கள்? ரெண்டு எட்டுகூட வைக்க மாட்டீர்கள். ரொம்ப தூரம் நடந்து குதிகால் நொந்துபோனால், உங்களுக்கே தெரியாமல் எடையைப் பாதத்தின் ஓரத்துக்கு மாற்றிக்கொள்வீர்கள், லேசாக நொண்டுவீர்கள். இதெல்லாம் வலி உங்களுக்காகச் செய்து கொடுக்கிற வேலை. உணர்ச்சி இழந்தவர் நொண்டவே மாட்டார். ஆணி ஏறியிருந்தாலும் அதே வேகத்தில் நடப்பார். வலிக்காத பாதத்துக்கு ஓய்வு கொடுக்க எந்த மனசுக்குத் தோன்றும்?

அதனால் பிராண்டின் வேலை ஆபரேஷன் தியேட்டரோடு நிற்கவில்லை. பாதம் தொங்கிப்போனவர்களுக்குக் கெண்டைக்காலின் ஒரு தசைநாரை இடம் மாற்றி, பாதத்தை மறுபடி தூக்க வைத்தார்கள். அதுக்கப்புறம் சில வாரங்கள் மாவுக்கட்டு. அது முடிந்ததும், இடம் மாறிய தசையைப் புது வேலைக்குப் பழக்குகிற பயிற்சி. அறுவை சிகிச்சை முடிவது ஒரே நாளில். பாதம் தேறுவது இந்த வாரங்களில்தான்.

தேறிய பாதம் மறுபடி புண்ணாகாமல் இருக்க என்ன செய்வது? இங்கேதான் பழைய தச்சர் விழித்துக்கொண்டார். மெழுகிலும் தோலிலும் மரத்திலும் விதவிதமான செருப்புகள் செய்து பார்த்தார்கள். கடைசியில் கைகொடுத்தது நுண்துளைகள் நிறைந்த ரப்பர். இன்று எம்.சி.ஆர் செருப்பு என்று அரசு மருத்துவமனைகளில் தொழுநோய் பாதித்தவர்களுக்குக் கொடுக்கிறார்களே, அதன் பின்னால் இந்த உழைப்பும் இருக்கிறது. இந்த ஆராய்ச்சிகளுக்குக் களமாக இருந்த இன்னொரு இடம், வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனை.

லண்டனில் தூங்காத இரவு

1950-களின் தொடக்கத்தில் பிராண்ட் அமெரிக்கப் பயணம் முடிந்து இங்கிலாந்து வந்தார். உடம்பு சரியில்லை, நீண்ட ரயில் பயணம் வேறு. இரவில் அறைக்கு வந்து காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை.

வருஷக்கணக்கில் தொழுநோயாளிகளைத் தொட்டுப் பழகிய டாக்டருக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். இனி மனைவி, பிள்ளைகளை விட்டு விலகி வாழ வேண்டியிருக்கும் என்கிற கணக்கில் அந்த இரவு தூங்காமலேயே கழிந்தது. விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். வலித்தது! ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருக்கிறது, அவ்ளோதான். அந்தக் குத்துவலியை ஒரு பரிசு மாதிரி அவர் வாங்கிக்கொண்டார். கடைசி வரை மேடைகளிலும் புத்தகங்களிலும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மியூட் செய்யப்பட்ட அலாரம்

1966-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார் பிராண்ட். லூசியானா மாநிலம் கார்வில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் வேலை. அங்கே அவர் குழுவுக்கு ஓர் ஐடியா வந்தது. உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் செயற்கையாக ஒரு வலியைக் கொடுத்தால் என்ன?

கையுறையிலும் காலணியிலும் அழுத்தத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். அழுத்தம் எல்லை தாண்டினால் ஒலி வரும், விளக்கு எரியும். நோயாளிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. சரி, லேசான ஷாக் கொடுத்துப் பார்ப்போம் என்று உணர்ச்சி மிச்சமிருந்த இடத்தில், அக்குளில், மின்கம்பியை வைத்தார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஷாக் அடிக்கும் என்று தெரிந்த வேலையைச் செய்யும் முன் நோயாளி ஸ்விட்ச்சை ஆஃப் செய்துவிடுவார். வேலை முடிந்ததும் ஆன் செய்துகொள்வார்!

சிரிக்காதீங்க. போனில் வருகிற நோட்டிஃபிகேஷனை நாம் மியூட் செய்வதும் இப்படித்தான். பணமும் உழைப்பும் கொட்டிய அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வலி கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால்தான் அது நம்மைக் காப்பாற்றுகிறது என்று பிராண்ட் புரிந்துகொண்டார். ஆஃப் செய்ய வசதி இருந்தால் மனுஷன் ஆஃப் செய்துவிடுவான்.

ஆனால், இந்தியாவிலிருந்து அவர் கொண்டுபோன மாவுக்கட்டு வைத்தியம் அங்கே பெரிய அளவில் பலன் கொடுத்தது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் அதே கணக்குதான் என்று கண்டுகொண்டார்கள். அழுத்தத்தை எடு, புண் ஆறும். பல கால்கள் வெட்டப்படாமல் தப்பின.

அம்மாவின் மூங்கில் கம்புகள்

ஊன்றுகோல் என்றால் இந்தக் கதையில் ஈவ்லின் அம்மாவைச் சொல்லாமல் விட முடியாது. கணவர் இறந்த பிறகும், ஓய்வு வயது வந்த பிறகும், அவர் கொல்லிமலையை விடவில்லை. குதிரையிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. 75 வயதில் இடுப்பெலும்பு முறிந்து, கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கினார்கள்.

ரிட்டயர் ஆகச் சொல்லி மகன் போய்ப் பேசினார். மகன் உலகம் அறிந்த எலும்பு டாக்டர். அம்மா கேட்கவில்லை. தன்னைவிட உயரமான ரெண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி, தொங்கும் பாதம் தரையில் உரசாமல் ஒவ்வொரு காலாக உயர்த்தி வைத்து நடந்தார். நடக்க முடியாத பாதைக்குக் குதிரை. இப்படியே இன்னும் இருபது வருஷம்! 1974-ல், 95 வயதில் இறந்தபோது கொல்லிமலையிலேயே, கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கம்பு ஊன்றுவதை அவர் குறையாக நினைக்கவே இல்லை. அது அவர் ஊர் சுற்றும் வண்டி!

இனி உங்கள் கட்டை

பால் பிராண்ட் 2003 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் சியாட்டிலில் இறந்தார். வயது 88. லாஸ்கர் விருது, பிரிட்டன் அரசின் சி.பி.இ பட்டம் எல்லாம் வந்தன. உங்களுக்கு அவர் விட்டுப்போனது வேறு. காலை ஊன்றாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் சும்மா கழிகிற நாள் இல்லை. அதுதான் வைத்தியமே. வலி மாத்திரையின் தயவில் பாதம் அமைதியாக இருக்கும்போது 'சரியாகிடுச்சு' என்று நினைப்பது, அந்த நோயாளிகள் ஸ்விட்ச்சை ஆஃப் செய்தது மாதிரிதான்.

அதனால் கட்டையோடு கொஞ்சம் சமாதானமாகப் போங்க. மேல்பகுதிக்கும் அக்குளுக்கும் நடுவில் ரெண்டு, மூணு விரல் இடைவெளி இருக்கட்டும். உடம்பின் எடை உள்ளங்கையில் விழ வேண்டும், அக்குளில் தொங்கக் கூடாது. தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு அழுந்தி, கை மரத்துப்போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கட்டையும் ஆபரேஷன் ஆன காலும் முதலில். ஈரத் தரையும் கடற்கரை மணலும் இப்போதைக்கு வேண்டாம். கட்டையின் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், தோளில் ஒரு பை மாட்டி அதில் போடுங்கள். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள், வீக்கம் குறையும். வலி திடீரென்று கூடினாலோ, விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். எப்போது, எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை உங்கள் டாக்டர் மட்டும் சொல்லட்டும்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ள அப்பாவோ அம்மாவோ இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. அவர்கள் பாதத்தைத் தினமும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். புண் இருந்தாலும் வலிக்கவில்லை என்றுதான் அவர்கள் சொல்வார்கள். வலிக்காததுதான் அங்கே பிரச்னையே.

கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் நாலே எட்டுதான், உண்மை. அந்த நாலு எட்டுக்கும் கட்டையை எடுங்க பாஸ்!