ரிச்சர்டு காப்டன்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சசெக்ஸில், உழவர் ஒருவரின் மகனாக 1804ஆம் ஆண்டில் ரிச்சர்டு காப்டன் பிறந்தார். தந்தையார் நிலத்தை இழந்தமையால் குடும்பம் நொடித்தது. இளமையில் இலண்டன் பண்டசாலை ஒன்றில் ஊழியம் செய்தவர், பின்னர் மான்செஸ்டரில் அச்சுத் துணி வாணிகத்தால் பெரும்பொருள் ஈட்டினார்.

அந்நாளில் அங்குத் தானியச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1815இல் பிறந்த அச்சட்டப்படி, உள்நாட்டுக் கோதுமை குவார்ட்டர் என்னும் அளவைக்கு 80 ஷில்லிங் விலையை எட்டும்வரை அயல்நாட்டுக் கோதுமையை விற்றல் ஆகாது. 1828இல் அத்தடைக்கு மாற்றாகச் சுங்கவரி வந்தது. உள்நாட்டில் விலை இறங்க இறங்க அவ்வரி ஏறும். நிலக்கிழார்க்குக் குத்தகை குறையவில்லை. ஆலைத் தொழிலாளியின் கூலியோ பெரும்பாலும் ரொட்டிக்கே கரைந்தது. தம் கோதுமையை விற்கவியலாத நாடுகள் நம் துணியை எதைக்கொண்டு வாங்கும் என்று காப்டன் ஊர்தோறும் வினவினார். 1839இல் அமைந்த தானியச் சட்ட எதிர்ப்புக் கழகத்தில் ஜான் பிரைட் அவருக்குத் துணைநின்றார். எனினும், ரொட்டி மலிந்தால் முதலாளிகள் கூலியைக் குறைப்பர் எனத் தொழிலாளர் பலர் ஐயுற்றனர். கழகத்திற்குப் பொருள் வழங்கியோர் ஆலை முதலாளிகளே ஆதலின், அவ்வையம் இயல்பானதே.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. மறு ஆண்டில் முதலமைச்சர் பீல், தம் கட்சி பிளவுற்றபோதும், அச்சட்டத்தை நீக்கினார், பதவியையும் இழந்தார். ஊர்ப்பணியில் மூழ்கிய காப்டனின் வாணிகமும் அழிந்திருந்தது. பொதுமக்கள் நிதி திரட்டி அளித்தனர்.

1860இல் அவர் பிரான்சுடன் வணிக உடன்படிக்கை கண்டார். பிரெஞ்சுப் பட்டு வரியின்றி வந்திறங்கியது. வாங்குவோர்க்கு அது நயமாயிற்று. கோவென்டிரி நகரில் பட்டு நாடா நெய்தோர் பலர் தறியிழந்து ஊரைவிட்டே வெளியேறினர். காப்டன் 1865இல் இலண்டனில் காலமானார்.