கோயம்புத்தூர் தாயி: இசைத்தட்டு லேபிளில் மிச்சமிருக்கும் ஒரு வாழ்க்கை

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ பக்கம் வேலை பார்க்கும் ஒருவரிடம் ஒரு டி-ஷர்ட்டைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் துணியைத் தொட்டுப் பார்ப்பார். அடுத்து கழுத்துப் பகுதியைத் திருப்பி மெயின் லேபிள், உள்பக்கத் தையலில் இருக்கும் வாஷ்கேர் லேபிள் என்று கண் போகும். பிராண்ட் ஒன்றுதான். ஆனால் எந்த யூனிட்டில் தைத்தது, எந்த லாட், ஷேடு மாறியிருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சின்னத் துண்டுகளில் இருக்கும்.

பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். பாட்டைக் கேட்பதற்கு முன்னாடியே தட்டைத் திருப்பி லேபிளைப் படிக்கிறார்கள். ஒரே பாட்டு, ஒரே பாடகர். ஆனால் ஜெர்மனியில் தயாரான தட்டு வேறு, கல்கத்தாவில் தயாரான தட்டு வேறு.

இந்த வித்தையைப் புரிந்துகொள்ள, முதலிபாளையத்துக்கு மேற்கே இருக்கும் கோவையின் பெயரையே தன் பெயரில் சுமந்த ஒரு பாடகியின் கதை போதும். அவர் கோயம்புத்தூர் தாயி.

யார் இந்தத் தாயி?

அவரது இயற்பெயர் பழனிக்குஞ்சரம். 1872-ல் பிறந்தவர். இசையையும் நடனத்தையும் பரம்பரையாகக் கற்றுவந்த தேவதாசி மரபில் வந்தவர். பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்து, பாடகியாகப் பெரும் பெயர் எடுத்தார். வீணை தனம்மாளும் பெங்களூர் நாகரத்தினம்மாளும் அதே காலத்தில் கோலோச்சியவர்கள். இசை உலகத்தின் முன்வரிசையில் பெண்கள் இருந்த காலம் அது.

தியாகராஜர் கிருதிகள், பதங்கள், வள்ளலார் பாடல்கள் எனத் தாயி பாடியவை பல வகை. 1917-ல், 45 வயதில் அவர் காலமானார்.

யோசித்துப் பாருங்கள். மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-ல். மைக் வைத்துப் பாட்டைப் பதிவு செய்யும் முறையே 1925-ல்தான் வந்தது. தமிழில் பேசும் படம் 1931-ல். இதில் எதையுமே தாயி பார்க்கவில்லை. ஆனாலும் நூறு வருடம் தாண்டி அவர் குரலை இன்று கேட்க முடிகிறது. காரணம், அவர் கொடுத்துவிட்டுப் போன சுமார் 300 இசைத்தட்டுப் பதிவுகள்.

பாடியது இங்கே, தயாரானது எங்கே?

1902-ல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு நிபுணர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். கௌஹர் ஜான் உள்ளிட்டோரின் பாடல்களைப் பதிவு செய்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் நிபுணர்கள் ஊர் ஊராக வந்தார்கள். தென்னிந்தியப் பாடகர்களையும் தேடினார்கள்.

அந்தக் குழாய்க்கு முன்னால் பாட பல வித்வான்கள் தயங்கினார்கள். கச்சேரியில் மணிக்கணக்கில் விரியும் ராகத்தை மூன்று நிமிடத்தில் எப்படி முடிப்பது, தட்டில் பாடினால் குரல் போய்விடுமோ என்றெல்லாம் பேச்சு இருந்தது. முதலில் துணிந்து பாடியவர்களில் கணிசமானோர் தாயி போன்ற பெண்கள். தொழில்நுட்பத்தின் முதல் பயனாளிகள் அவர்கள்தான். முதல் பரிசோதனையும் அவர்கள் குரலில்தான் நடந்தது.

மைக் கிடையாது. பெரிய தகரக் கூம்பு ஒன்றின் வாய்க்கு அருகில் முகத்தை வைத்துப் பாட வேண்டும். உச்ச ஸ்வரத்துக்குப் போகும்போது கொஞ்சம் பின்னால் நகர வேண்டும். இல்லாவிட்டால் ஊசி துள்ளிப் பதிவு கெட்டுவிடும். பாட்டின் அதிர்வு, சுழலும் மெழுகுத் தட்டில் கோடாகப் பதியும். பாதியில் தப்பு வந்தால் திருத்தம் செய்ய வழியில்லை. புது மெழுகுத் தட்டு வைத்து முதலிலிருந்து பாட வேண்டியதுதான்.

அந்த மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போகும். அங்கே அதன்மேல் மின்முலாம் பூசி உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சை வைத்துச் சூடான கலவையில் அழுத்தினால் தட்டு தயார். இதைத்தான் பிரஸ்ஸிங் என்கிறார்கள்.

அந்தக் கலவையில் என்ன இருந்தது என்பதுதான் சுவாரஸ்யம். முக்கியப் பொருள் ஷெல்லாக், அதாவது நம் நாட்டு மரங்களில் வாழும் பூச்சி சுரக்கும் அரக்கு. அதோடு கல் பொடி, கறுப்பு நிறத்துக்குக் கரி, தட்டு சட்டென்று உடையாமல் பிடித்துக்கொள்ளப் பஞ்சுத் துகள். ஆமாம், பஞ்சேதான்! இந்திய அரக்கு கப்பலில் வெளியே போய், இந்தியக் குரலோடு தட்டாகத் திரும்பி வந்தது.

1908-ல் கல்கத்தாவின் சியால்டாவில் கம்பெனி சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதன்பிறகு இந்தியத் தட்டுகள் இந்தியாவிலேயே தயாராக ஆரம்பித்தன. தாயியின் இசைப் பயணம் இந்த இரண்டு காலத்தையும் தொட்டு நிற்கிறது. சேகரிப்பாளர்கள் அவர் காலத்துத் தட்டுகளைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேபிளை எப்படிப் படிப்பது?

ஒரு சின்ன விளக்கம். இவை இப்போது டிரெண்டாகியிருக்கும் வினைல் தட்டுகள் அல்ல. வினைல் எல்.பி. 1948-ல் அமெரிக்காவில் வந்தது. தாயியுடையவை கனமான, கீழே விழுந்தால் உடையும் ஷெல்லாக் தட்டுகள். இவற்றில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, பக்கங்கள். ஆரம்பகாலக் கிராமபோன் தட்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் பாட்டு. ஓடியன் கம்பெனி 1904-லேயே இருபக்கத் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போட்டியாளர்கள் மெல்லப் பின்தொடர்ந்தார்கள். எனவே ஒருபக்கத் தட்டு கையில் கிடைத்தால், அது ஆரம்பகாலத் தயாரிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, படம். பழைய கிராமபோன் லேபிள்களில் நாய் இருக்காது. இறகுப் பேனாவால் தட்டின்மேல் எழுதும் ஒரு குட்டித் தேவதை இருக்கும். குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஹெச்.எம்.வி. நாய் பிறகு வந்தது. ஹனோவர் தட்டுகள் பலவற்றின் லேபிளில் அந்த ஊர் பெயரே இருக்கும். ஷெல்லாக் தட்டில் லேபிளைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. அழுத்தும்போதே சூட்டில் தட்டோடு சேர்ந்துவிடும். அதனால் அதைப் பிரித்து மாற்றுவது லேசான காரியமில்லை.

மூன்றாவது, கேட்டலாக் எண். இது கடைக்காரருக்கான எண். ஆண் குரல், பெண் குரல், வாத்தியம் என்று தனித்தனி எண் வரிசைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. மொழி தெரியாத ஹனோவர் ஊழியருக்கும் எது எங்கே போக வேண்டும் என்று புரிந்துவிடும்.

நான்காவதுதான் அசல் சமாச்சாரம்: மேட்ரிக்ஸ் எண். லேபிளுக்கும் பாட்டுக்கோடு முடியும் இடத்துக்கும் நடுவே உள்ள வழவழப்பான பகுதியில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எண் தெரியும். அது அந்தக் குறிப்பிட்ட மெழுகுத் தட்டின் எண். எண்ணோடு வரும் எழுத்தை வைத்து, பதிவு செய்த நிபுணர் யார் என்று கண்டுபிடிக்கலாம். அவர் எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார் என்பது தெரிந்தால் பாட்டு எப்போது, எங்கே பதிவானது என்பதும் தெரிந்துவிடும்.

புதுசா, பழசா?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நாய் படம் போட்ட லேபிள் என்றால், பாட்டும் அந்தக் காலத்தில் பாடியது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. நன்றாக விற்ற பாட்டின் உலோக அச்சைக் கம்பெனிகள் பத்திரமாக வைத்திருந்தன. வருடங்கள் கழித்து, இரண்டு ஒருபக்கப் பாடல்களைச் சேர்த்து ஒரே தட்டின் இரு பக்கமாக்கி, புது லேபிள், புது கேட்டலாக் எண்ணோடு விற்பதும் உண்டு. லேபிள் மாறும், கேட்டலாக் எண் மாறும். மேட்ரிக்ஸ் எண் மட்டும் மாறாது.

பாடகர் இறந்த பிறகும் அவரது பழைய குரலில் புதிய தட்டு வரலாம் என்பதுதான் இதன் பொருள். லேபிளை மட்டும் நம்பி வருடம் குறித்தால், 1917-ல் மறைந்த ஒருவரை 1920களில் பாட வைத்துவிடுவோம்.

தரமும் மாறும். ஒரே அச்சை வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அச்சு தேயும். முதலில் எடுத்த தட்டில் குரல் தெளிவாக இருக்கும். கடைசியில் எடுத்ததில் கமகத்தின் நுணுக்கம் மங்கிப் போயிருக்கும். கலவையில் கல் பொடி கரடுமுரடாக இருந்தால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து வரும். துணியில் லாட் மாறினால் ஷேடு மாறுவது போலத்தான் இது.

அது உண்மையிலேயே தாயியின் குரலா?

இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. இந்தத் தட்டுகளைப் பொதுவாக 78 என்று அழைக்கிறோம், நிமிடத்துக்கு 78 சுற்று என்பதால். ஆனால் தாயியின் காலத்தில் அந்த வேகம் முழுமையாக நிலைப்படவில்லை. பல தட்டுகள் அதைவிடக் குறைவான, சில அதிகமான வேகத்தில் பதிவானவை.

74 சுற்றில் பதிவான தட்டை 78-ல் ஓடவிட்டால் என்ன ஆகும்? சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். காலப்பிரமாணமும் வேகமெடுக்கும். நிதானமாகப் பாடிய பெண், கீச்சுக் குரலில் அவசரமாகப் பாடியவராகிவிடுவார். இணையத்தில் கிடைக்கும் பழைய பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு அந்தக் காலத்தில் இப்படித்தான் பாடினார்கள் போல என்று முடிவுகட்டும் முன், தட்டு சரியான வேகத்தில்தான் ஓடியதா என்று கேட்பது நியாயம். சரியான வேகத்தைத் தேடும்போது எந்தக் கம்பெனி, எந்த நிபுணர், எந்த வருடம் என்ற விவரங்கள் உதவும். மறுபடியும் அந்த மேட்ரிக்ஸ் எண்ணிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

பாரிஸ் வரை போன குரல்

தட்டு என்பதால் தாயியின் பாட்டுக்கு ஒரு வினோதமான பயணமும் வாய்த்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் ராவெலின் மாணவர் மொரிஸ் டெலாஜ். 1911-12 வாக்கில் இந்தியா வந்த டெலாஜ், தாயியின் தட்டுகளைக் கேட்டு மயங்கினார். தாயி பாடிய ராகமாலிகைப் பதிவு ஒன்றை அடிப்படையாக வைத்து, குரலுக்கும் பியானோவுக்குமாக ஓர் இசைப் படைப்பை உருவாக்கினார். அதற்கு ராகமாலிகா என்றே பெயர் வைத்தார்.

இந்தியத் தாளத்தின் ஒலியைப் பியானோவில் கொண்டுவர, ஒரு கம்பிக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொல்லி அதில் குறிப்பும் எழுதினார். பியானோவின் உள்ளே பொருள்களை வைத்து ஒலியை மாற்றும் உத்தியை அமெரிக்காவின் ஜான் கேஜ் புகழ்பெறச் செய்தது 1940 வாக்கில்தான். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, கோயம்புத்தூர்ப் பெயர் கொண்ட ஒரு பெண்ணின் மூன்று நிமிடப் பாட்டு, பாரிஸ்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. அவர் கேட்டது ஒரு தட்டு. அந்தத் தட்டு கிடைக்காமல் போயிருந்தால் அந்த இசையும் இல்லை.

பரணில் ஒரு பெட்டி இருந்தால்...

தாயியின் மறைவுக்குப் பிறகு காலம் மாறியது. தேவதாசி மரபுக்கு எதிரான இயக்கம் வலுத்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்த முறையைத் தடை செய்யும் சட்டம் வந்தது. பெண்களைச் சுரண்டலிலிருந்து காக்க வந்த மாற்றம் அது. ஆனால் அந்த மரபில் வந்த கலைஞர்களின் பெயர்களும் மெல்லப் பேச்சிலிருந்து நழுவின. பழனிக்குஞ்சரம் என்ற பெயரை இன்று கோவையிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

அதனால்தான் தாத்தா வீட்டுப் பரணில் கனமான கறுப்புத் தட்டுகள் கிடைத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் கொஞ்சம் நிதானிக்கலாம். சானிடைசர், ஸ்பிரிட் எதையும் வைத்துத் துடைக்காதீர்கள். ஆல்கஹால் பட்டால் ஷெல்லாக் கரைந்துவிடும். மெல்லிய உலர்ந்த துணி போதும். எல்.பி. ஓட்டும் ஊசியில் போட வேண்டாம், இந்தத் தட்டின் பாட்டுக்கோடு அதைவிட அகலமானது. படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

அப்புறம் மொபைலில் மூன்று போட்டோ எடுங்கள். முன்பக்க லேபிள் ஒன்று, பின்பக்கம் ஒன்று. மூன்றாவது, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லேபிளை ஒட்டிய வழவழப்பான பகுதியில் உள்ள எண். பெயர் அழிந்துபோன லேபிளாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த எண் இருந்தால், பாடியது யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வழி இருக்கிறது.