பாட்டைப் படிக்க வைத்த கல்கி

பாட்டு காதால் கேட்பதற்கு உரியது. அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? பத்திரிகையில் படித்து ரசிக்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர் ஒருவர். அவர் சங்கீத வித்துவான் அல்ல. மேடை ஏறிக் கச்சேரி செய்தவரும் அல்ல. பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர்.

அவர்தான் கல்கி.

"பொன்னியின் செல்வன்" எழுதிய கல்கியை எல்லோருக்கும் தெரியும். பத்திரிகையில் சங்கீதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதைப் பாமரரும் படிக்கும்படி செய்த கல்கியைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்தக் கதையை இங்கே பார்ப்போம்.

கணக்குப்பிள்ளை மகன்

கல்கியின் சொந்தப் பெயர் கிருஷ்ணமூர்த்தி. 1899-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி பிறந்தார். ஊர், மாயவரத்தை அடுத்த புத்தமங்கலம். தந்தை ராமசாமி ஐயர் கிராமக் கணக்குப்பிள்ளை. பெரிய வருமானம் கிடையாது.

ஆனால் அந்தப் பக்கத்தில் சங்கீதத்துக்குப் பஞ்சமே இல்லை. காவிரிக் கரை ஊர்களில் கோயில் திருவிழா என்றால் நாகஸ்வரம் உண்டு. பஜனை உண்டு. கதாகாலட்சேபம் உண்டு. டிக்கெட் வாங்காமலே கேட்கலாம். சிறுவன் கிருஷ்ணமூர்த்தி இந்தச் சூழ்நிலையில்தான் வளர்ந்தான்.

பிறகு திருச்சிக்குப் போய்ப் படித்தார். பள்ளி இறுதி வகுப்பு. இன்னும் சில மாதம் படித்திருந்தால் பரீட்சை எழுதி, சர்க்கார் உத்தியோகம் தேடியிருக்கலாம். அந்தச் சமயத்தில் காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கம் நாட்டைக் குலுக்கியது. 1921-ல் கிருஷ்ணமூர்த்தி பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்.

1922-ல் ஜெயில். ஒரு வருஷத் தண்டனை.

வெளியே வந்தபோது கையில் பட்டமும் இல்லை, பணமும் இல்லை. பேனா ஒன்றுதான் இருந்தது.

பத்திரிகைத் தொழில்

1923-ல் சென்னையில் "நவசக்தி" பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அதன் ஆசிரியர் திரு. வி. க. நல்ல தமிழ் எழுதுவது எப்படி என்று அங்கே கற்றார்.

பிறகு ராஜாஜியின் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்துக்குப் போனார். மதுவிலக்குப் பிரசாரத்துக்காக ராஜாஜி "விமோசனம்" என்ற பத்திரிகை நடத்தினார். அதில் உதவினார். குடியின் கேட்டைக் குடிப்பவருக்கே விளங்கும்படி எழுத வேண்டும். கடினமான சொல் போட்டால் யார் படிப்பார்கள்? எளிய எழுத்துக்கு இது நல்ல பயிற்சி ஆயிற்று.

மறுபடியும் ஜெயில். இந்தத் தடவை ஆறு மாதம்.

இதற்கிடையில் சென்னையில் எஸ். எஸ். வாசன் "ஆனந்த விகடன்" பத்திரிகையை வாங்கி நடத்திக் கொண்டிருந்தார். அதில் 1928-ல் "ஏட்டிக்குப் போட்டி" என்ற நகைச்சுவைக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் பெயர் "கல்கி" என்று இருந்தது. வாசகர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வாசன் ஆளைக் கண்டுகொண்டார். 1930-களின் தொடக்கத்தில் கல்கி விகடனின் ஆசிரியப் பொறுப்பில் அமர்ந்தார்.

அச்சில் வந்த சங்கீதம்

அதற்கு முன்பு சங்கீதம் அச்சில் வரவில்லையா? வந்தது. ஆனால் யாருக்காக?

1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்ற மாபெரும் நூலை வெளியிட்டார். அது தெலுங்கு எழுத்தில் அச்சானது. ஸ்வரங்களை வரிசையாகப் போட்டு, கமகங்களைக் காட்டச் சின்னச் சின்ன அடையாளங்களும் அச்சடித்தார்கள். அது ஒரு பொக்கிஷம். ஆனால் வித்துவான்களுக்கான பொக்கிஷம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குடியானவர் அதைத் திறந்து என்ன செய்வார்?

கச்சேரி கேட்பதாவது எல்லோருக்கும் முடிந்ததா? அதுவும் இல்லை. சபாக்கள் நகரத்தில் இருந்தன. சென்னைக்கு மேற்கே பூந்தமல்லிச் சாலையில் இருக்கும் காட்டுப்பாக்கம் அந்நாளில் சின்னக் கிராமம். அங்கே இருப்பவர் வயல் வேலையை முடித்துக்கொண்டு, மயிலாப்பூர் போய்க் கச்சேரி கேட்டு, இரவில் வீடு திரும்புவது லேசான காரியமா? டிக்கெட்டுக்குக் காசு வேண்டாமா?

வாரப் பத்திரிகை அந்தக் கிராமத்துக்கும் போகும். ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். இதைக் கல்கி நன்றாக அறிந்திருந்தார்.

"ஆடல் பாடல்"

விகடனில் "ஆடல் பாடல்" என்ற பகுதியைக் கல்கி எழுதத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் "கர்நாடகம்".

அந்தப் பெயரிலேயே குறும்பு இருக்கிறது. கர்நாடகம் என்றால் கர்நாடக சங்கீதம். பழைய பஞ்சாங்கமாக இருப்பவரையும் கர்நாடகம் என்று கேலி செய்வார்கள். இரண்டு அர்த்தமும் ஒரே சொல்லில்! பெயரைப் பார்த்தவுடனே வாசகர் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். பயம் போய்விடும்.

அவர் எழுதிய முறையும் புதிது. ராக லட்சணத்தைப் பாடம்போல் ஒப்பிக்க மாட்டார். கச்சேரி கேட்டுவிட்டு வந்த நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல் சொல்லுவார். நன்றாகப் பாடினால் மனம் திறந்து புகழ்வார். குறை இருந்தால் சிரிக்கச் சிரிக்கக் குத்துவார். பெரிய வித்துவான் ஆயிற்றே என்று விட்டுவிட மாட்டார். நேற்று மேடை ஏறியவர் ஆயிற்றே என்று அலட்சியமும் செய்ய மாட்டார்.

மாலியின் கோடு

எழுத்து மட்டும் போதுமா? பக்கத்தில் படம் வேண்டாமா?

விகடனில் மாலி என்ற ஓவியர் இருந்தார். சொந்தப் பெயர் மகாலிங்கம். கேலிச் சித்திரம் போடுவதில் மன்னர். பின்னாளில் புகழ்பெற்ற கோபுலு, சில்பி ஆகிய ஓவியர்களுக்கு வழிகாட்டியவர்.

வித்துவான்கள் பாடும்போது கை ஒரு பக்கம் போகும். வாய் ஒரு பக்கம் போகும். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் சண்டைக்குப் போவதுபோல் கையை வீசுவார்கள். மாலி இதையெல்லாம் நாலே கோட்டில் பிடித்துவிடுவார். படத்தைப் பார்த்தால் ஆள் இன்னார் என்று தெரியும். அவர் பாடும் வேகம்கூடத் தெரியும்.

கேலிப் படத்துக்கு லண்டன் "பஞ்ச்" பத்திரிகை உலகப் புகழ் பெற்றது. அது 1841-ல் தொடங்கியது. அந்தக் கலையை நம் ஊர்க் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் மாலி.

ஏன் போட்டோவுக்குப் பதில் கோட்டுப் படம்? இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சடித்தார்கள். படத்துக்கு உலோகத் தகட்டில் பிளாக் செய்தார்கள். போட்டோ என்றால் அதைப் பொடிப் பொடிப் புள்ளிகளாக மாற்றிப் பிளாக் எடுக்க வேண்டும். வழுவழுப்பான தாளில் அது அழகாக விழும். மலிவுத் தாளில் மை பரவும், புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும், முகம் கறுத்துவிடும். கோட்டுப் படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கறுப்புக் கோடு, வெள்ளைத் தாள், அவ்வளவுதான். மலிவுத் தாளிலும் பளிச்சென்று இருக்கும்.

ஒரு பக்கத்தின் இலக்கணம்

இப்போது அந்தச் சங்கீதப் பக்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, தலைப்பு. "ஆடல் பாடல்" என்று நிலையான பெயர். பழகிய கடையைத் தேடிப் போவதுபோல் வாசகர் அதைத் தேடிப் பிடிப்பார்.

இரண்டாவது, படம். கண் முதலில் படத்துக்குத்தான் போகும். சிரித்துவிட்டு, இவர் என்ன செய்தார் என்று அறிய எழுத்துக்கு வரும். படம் வாசல், எழுத்து வீடு.

மூன்றாவது, எழுத்தின் நடை. படம் சிரிக்கும்போது எழுத்து உர்ரென்று இருந்தால் பொருந்தாது. கல்கியின் நகைச்சுவையும் மாலியின் கோடும் பாட்டும் பக்கவாத்தியமும்போல் ஒத்துப் போயின. ஒன்று மற்றொன்றை அமுக்கவில்லை.

இந்த மூன்றும் சேர்ந்ததால், கச்சேரிக்கே போகாதவர்களும் வித்துவான்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

பத்திரிகையில் சினிமா

கல்கி இன்னொரு புதுமையும் கண்டார். 1938-39-ல் விகடனில் அவருடைய "தியாக பூமி" தொடர்கதை வந்தது. அதே சமயத்தில் டைரக்டர் கே. சுப்ரமணியம் அதைப் படமாக்கினார். கதைக்கு ஓவியம் போடாமல், அந்தச் சினிமாவின் போட்டோக்களையே போட்டார்கள்!

பாபநாசம் சிவன் அதில் சம்பு சாஸ்திரியாக நடித்தார், இசையும் அவருடையதே. டி. கே. பட்டம்மாள் பாடினார். கதையைப் படித்தவர்கள் படத்துக்கு ஓடினார்கள். படத்தில் சுதந்திர உணர்ச்சி பொங்கியது. வெள்ளைக்காரச் சர்க்கார் அதற்குத் தடை போட்டது.

வேலையை விட்டார்

விகடனில் நல்ல பெயர். நல்ல சம்பளம். குடும்பம் நிம்மதியாக இருந்தது. அப்போது காந்திஜி தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கினார். கல்கியால் சும்மா இருக்க முடியவில்லை. வேலையை உதறிவிட்டுப் போராட்டத்தில் இறங்கினார். மூன்று மாதம் ஜெயில்.

திரும்பி வந்தபோது வேலை இல்லை. வயது 41. அவருடைய நண்பர் சதாசிவமும் விகடனை விட்டு வந்திருந்தார். இருவரும் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கத் துணிந்தார்கள். பணத்துக்கு எங்கே போவது?

கைகொடுத்தது சங்கீதம்தான். சதாசிவத்தின் மனைவி எம். எஸ். சுப்புலட்சுமி "சாவித்திரி" படத்தில் நாரதர் வேஷத்தில் நடித்தார். ஆண் வேஷம்! அதில் வந்த பணம் பத்திரிகைக்கு முதல் ஆயிற்று. 1941 ஆகஸ்டு 1-ந் தேதி "கல்கி" பிறந்தது.

தமிழ்ப் பாட்டுக்கு வாதாடினார்

அந்த ஆண்டிலேயே ஒரு பெரிய சண்டை மூண்டது. தமிழ்நாட்டு மேடையில் தெலுங்குப் பாட்டும் வடமொழிப் பாட்டுமே நிறைந்திருந்தன. தமிழ்ப் பாட்டு கடைசியில், கூட்டம் எழுந்து போகும் நேரத்தில் ஒன்றிரண்டு. கேட்பவர் தமிழர், பாடுபவர் தமிழர், பாட்டின் பொருள் மட்டும் பலருக்குத் தெரியாது!

இது மாற வேண்டும் என்று ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்வந்தார். 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடந்தது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது.

வித்துவான்களில் பலரும் சபாக்காரர்களில் பலரும் எதிர்த்தார்கள். சங்கீதத்துக்குப் பாஷை கிடையாது என்றார்கள். கல்கி தம் பத்திரிகையில் வாரந்தோறும் பதில் எழுதினார். மற்ற மொழிப் பாட்டை அவர் வெறுக்கவில்லை. தியாகராஜர் கீர்த்தனையில் உருகியவர் அவர். தமிழனுக்குத் தமிழிலும் பாடு என்பதே அவர் கட்சி. நேற்றுவரை அவர் எழுத்தைப் புகழ்ந்தவர் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை.

அவரே பாட்டும் எழுதினார். 1945-ல் வந்த "மீரா" படத்துக்காக அவர் எழுதிய பாட்டை எம். எஸ். சுப்புலட்சுமி பாடினார். இன்றும் அது ஒலிக்கிறது.

எட்டயபுரத்தில் பாரதிக்கு மண்டபம் கட்ட வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1947-ல் மண்டபம் திறக்கப்பட்டது.

கடைசி ஆண்டுகள்

1950-ல் "பொன்னியின் செல்வன்" தொடங்கியது. படம் போட்டவர் மணியம். இங்கும் எழுத்தும் படமும் கைகோத்து நடந்தன. வந்தியத்தேவன் எப்படி இருப்பான், நந்தினியின் கொண்டை எப்படி இருக்கும் என்று கேட்டால், படித்தவர்கள் மனத்தில் மணியத்தின் படம்தான் நிற்கும். வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, படத்தோடு பைண்டு செய்து பாதுகாத்த வீடுகள் பல.

உடல் நலிந்தபோதும் கல்கி எழுதுவதை நிறுத்தவில்லை. 1954-ல் அந்தக் கதையை முடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி காலமானார். வயது 55. "அமரதாரா" என்ற கதை பாதியில் நின்றது. அதை மகள் ஆனந்தி முடித்து வைத்தார்.

1956-ல் "அலை ஓசை" நாவலுக்குச் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. வாங்க அவர் இல்லை. 1999-ல், அவர் பிறந்த நூற்றாண்டில், அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆயின. அவர் தொடங்கிய வார இதழ் 2020 வரை அச்சில் வந்தது.

டிசம்பர் வந்தால் சென்னையில் சங்கீத சீசன். பத்திரிகைகளில் பாட்டுக்காரர்கள் படமும் விமரிசனமும் பக்கம் பக்கமாக வருகின்றன. இந்தத் தடவை அவற்றைப் புரட்டும்போது குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தலைப்பு கண்ணை அழைக்கிறதா? படம் ஆளைக் காட்டுகிறதா? எழுத்து நமக்குப் புரிகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால், அந்தப் பக்கத்தைப் போட்டவர் கல்கியின் வழியில் நடப்பவர் என்று சொல்லிக் கொடுங்கள்.