நாடு கடத்தப்பட்டவருக்கு வீடு தந்த பாலக்காட்டு எழுத்தாளர்

1910-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி. திருவனந்தபுரத்தில் 'சுதேசாபிமானி' பத்திரிகையின் அச்சகத்தில் போலீசார் புகுந்தனர். அச்சு இயந்திரம் பறிமுதல் ஆயிற்று. ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை கைதானார். அவரைத் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது மன்னரின் உத்தரவு. எல்லை தாண்டி அவர் வந்து சேர்ந்த இடம் திருநெல்வேலிச் சீமை.

திவான் பி.ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைத் தாட்சண்யம் இன்றிக் கண்டித்து எழுதியதுதான் அவர் செய்த குற்றம். (இந்தத் திவான் வேறு, நம் ராஜாஜி வேறு.) பிள்ளையின் மனைவி பி.கல்யாணி அம்மா பள்ளி ஆசிரியை; எழுத்தாளரும்கூட. கணவருக்கு விதித்த தண்டனை தமக்கும் உரியது என்று கருதி, அவரும் ஊரை விட்டுப் புறப்பட்டார்.

சென்னையில் சில காலம் கழிந்தது. அரசரின் கோபத்துக்கு ஆளான குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள யாருக்குத் துணிவு வரும்? பாலக்காட்டில் ஒரு பெண்மணிக்கு வந்தது. அவர்தான் தரவத்து அம்மாளு அம்மா.

அண்ணன் சீமையில், தங்கை வீட்டில்

அம்மாளு அம்மா 1873-ல் பாலக்காட்டில், புகழ் பெற்ற தரவத்து குடும்பத்தில் பிறந்தார். தரவத்து என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டுப் பெரியவர்களுக்கு இன்னொருவர் நினைவு வரும். நீதிக் கட்சியைத் தோற்றுவித்த மூவரில் ஒருவரான டாக்டர் டி.எம்.நாயர், அதாவது தரவத்து மாதவன் நாயர். அவர் இந்த அம்மையாரின் உடன்பிறந்த அண்ணன்.

அண்ணன் பாலக்காட்டில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு கடல் கடந்து எடின்பரோ சென்று மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். தங்கைக்குக் கிடைத்ததோ ஆரம்பப் பள்ளிப் படிப்பு மட்டுமே. ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கும் அக்காலம் போட்ட கணக்கு அதுதான்.

ஆனால் அம்மாளு அம்மா அத்துடன் நின்றுவிடவில்லை. சமஸ்கிருதத்தை வீட்டிலேயே கற்றார். தமிழையும் கற்றுக்கொண்டார். பாலக்காட்டில் தமிழ் கற்பது கடினமான காரியம் அல்ல. மலைத் தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குக் கணவாய் திறந்து கிடக்கிறது. அந்த வழியே கோவைச் சீமையின் காற்றும் வருகிறது, சரக்கும் வருகிறது, மொழியும் வருகிறது. கல்பாத்தி அக்கிரகாரத்திலும், நெசவாளர் தெருவிலும், சந்தையிலும் காதில் விழும் மொழி தமிழ். காதில் விழுந்த மொழியை ஏட்டிலும் படித்ததுதான் அம்மையாரின் சிறப்பு.

எழுதிய நூல்கள்

சமஸ்கிருதத்திலிருந்தும் தமிழிலிருந்தும் பல நூல்களை அவர் மலையாளத்தில் பெயர்த்தார். 'பக்த மாலை'க் கதைகள், 'ஸ்ரீ சங்கர விஜயம்', 'கிருஷ்ண பக்தி சந்திரிகை' ஆகியவை அவர் பெயரை நிலைநாட்டின. பக்தி நூல்களோடு அவர் நிற்கவில்லை. 'கோமளவல்லி' என்ற நாவலையும் மலையாள வாசகர்களுக்குத் தந்தார். தீர்த்த யாத்திரை சென்று வந்த அனுபவத்தையும் நூலாக எழுதினார். பெண்கள் தனியே வாசற்படி இறங்குவதே பேச்சாக இருந்த நாளில், ஒரு பெண் தாம் கண்ட ஊர்களைப் பற்றி அச்சில் எழுதியது சிறிய செய்தி அல்ல.

கொச்சி மகாராஜா அவருக்கு 'சாகித்ய சகி' என்ற பட்டம் அளிக்க முன்வந்தார். அம்மையார் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அரசர் கொடுக்கும் பட்டத்துக்காகப் புலவர்கள் காத்துக் கிடந்த காலம் அது. ஒரு மன்னரின் பட்டத்தை வேண்டாம் என்றவர், இன்னொரு மன்னர் விரட்டியவரை வா என்று அழைத்தார். அவர் குணத்தை அறிய இந்த இரண்டு செய்திகளே போதும்.

எல்லைக்கோடு தந்த காப்பு

அன்றைய கேரளம் மூன்று துண்டுகளாகக் கிடந்தது. தெற்கே திருவிதாங்கூர் சமஸ்தானம். நடுவில் கொச்சி சமஸ்தானம். வடக்கே மலபார் ஜில்லா, சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பாலக்காடு மலபாரில் இருந்தது. பக்கத்துச் சித்தூரோ கொச்சி அரசுக்கு உட்பட்டது. ஆகவே திருவிதாங்கூர் மன்னரின் உத்தரவு பாலக்காட்டில் செல்லாது. சட்டம் தந்த காப்பு இது. ஆனால் சட்டம் சோறு போடாது. தங்க இடமும் தராது. அவற்றைத் தந்தது தரவத்து வீடு.

தொழிலும் அச்சகமும் பறிபோன குடும்பத்தை அம்மாளு அம்மா தம் சொந்தக்காரர்களைப் போலவே ஏற்றுக்கொண்டார். வெளியேற்றப்பட்ட பின்னும் பிள்ளையின் பேனா ஓயவில்லை. 1912-ல் கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் வெளியிட்டார். ரஷ்யப் புரட்சிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்த நூல் அது.

பின்னர் அக்குடும்பம் கண்ணூருக்குக் குடிபெயர்ந்தது. காசநோய் முற்றி, 1916 மார்ச் 28-ந் தேதி ராமகிருஷ்ண பிள்ளை அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 37. சொந்த மண்ணை மிதிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கணவரோடு வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டு நினைவுகளைக் கல்யாணி அம்மா 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்ற நூலாக எழுதினார். வியாழன் ஒரு சுற்றுச் சுற்றி வரும் காலம் பன்னிரண்டு ஆண்டு என்பதால் அந்தப் பெயர். மலையாளத்தில் இன்றும் போற்றப்படும் நூல் அது. பத்திரிகை சுதந்திரத்தின் வரலாற்றில் பிள்ளையின் பெயர் பெரிதாக நிற்கிறது. அவரைத் தாங்கி நின்றவர்களோ இரண்டு பெண் எழுத்தாளர்கள்.

அண்ணனின் வழி

அண்ணனின் பணியையும் இங்கே சொல்ல வேண்டும். 1908-ல் ஆலைத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த கமிஷனில் டாக்டர் நாயர் ஓர் உறுப்பினர். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு நேரடி வரம்பு தேவையில்லை என்றனர் மற்றவர்கள். நாயர் ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினார். 1911-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. இன்று எட்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி அந்தப் பெயரையும் நினைத்துக்கொள்ளலாம். டாக்டர் நாயர் 1919-ல் லண்டனில் காலமானார். தங்கை அதன் பிறகு 17 ஆண்டுகள் வாழ்ந்து, 1936-ல் மறைந்தார்.

பின் வந்தவர்கள்

அம்மாளு அம்மாவின் காலத்தில் எழுதும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாகித்ய அகாடமி 1954-ல் தோன்றியது. மலையாளத்தின் பாலாமணி அம்மா 1965-ல் அதன் பரிசைப் பெற்றார். தமிழில் 1973-ல் ராஜம் கிருஷ்ணனும், 1984-ல் லட்சுமியும், 2021-ல் அம்பையும் பெற்றனர். 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, அதுவரை ஏட்டில் ஏறாத சேரிப் பேச்சு இலக்கியம் ஆயிற்று. 2025-ல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்டாக் சர்வதேச புக்கர் பரிசு பெற்றார். ஒரு குலம், ஒரு மதம், ஒரு வகைப் படிப்பு என்ற வேலிகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன.

பாலக்காட்டிலிருந்து தெற்கே இடுக்கி மலைக்குப் போனால், மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் போனசுக்காகவும் கூலிக்காகவும் மூணாறு சாலையில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, தங்கள் பேச்சைத் தாங்களே பேசியவர்கள் அவர்கள். அவர்களுடைய பெண் குழந்தைகள் இன்று தமிழும் மலையாளமும் படிக்கிறார்கள். இரண்டு மொழி தெரிந்த ஒரு பாலக்காட்டுப் பெண்மணி, ஆரம்பப் பள்ளிப் படிப்பை வைத்துக்கொண்டு எவ்வளவு செய்தார் என்பதை அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது வீட்டுப் பெரியவர்களின் கடமை.