இடக்கை கிட்டார்க்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்



இந்த முறை சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி தமிழ் ஐயா சொன்னார். நான் ஒரு கிட்டார்க்காரரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எழுது, ஆனால் பாட்டு வரிகளை எழுதி இடத்தை நிரப்பாதே என்றார். அதனால் இதில் பாட்டு வரி ஒன்றுகூட இல்லை.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தத் தாளில் அங்கங்கே மை இழுபட்டிருக்கும். நான் இடது கையால் எழுதுகிறவன். எழுத எழுத என் கையே ஈர மையின் மேலே போய்த் தேய்த்துவிடும். வலக்கைக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. இந்தக் கையாலதான் நான் ஜிமி ஹெண்ட்ரிக்ஸை எனக்குச் சொந்தக்காரர் மாதிரி நினைக்கிறேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் என்று ஒரு ஊர். அங்கே 1942 நவம்பர் 27 அன்று ஒரு கறுப்பினக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அப்போது அம்மா லூசிலுக்கு வயது 17. அப்பா அல் ஹெண்ட்ரிக்ஸ் ராணுவத்தில் இருந்தார், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பிள்ளைக்கு அம்மா வைத்த பெயர் ஜானி ஆலன். போர் முடிந்து திரும்பி வந்த அப்பா, 1946இல் அதை ஜேம்ஸ் மார்ஷல் என்று மாற்றிவிட்டார். ஜிமி என்ற பெயர் வர இன்னும் இருபது வருஷம் ஆக வேண்டும்.

வீட்டில் பணமும் இல்லை, நிம்மதியும் இல்லை. அப்பா அம்மா இருவருக்கும் குடிப்பழக்கம், ஓயாத சண்டை. 1951இல் பிரிந்துவிட்டார்கள். ஜிமியும் தம்பி லியோனும் அப்பாவோடு இருந்தார்கள். 1958இல் அம்மா இறந்தபோது பையனுக்கு வயது 15. அந்த இறுதிச் சடங்குக்குக்கூட அப்பா பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை.

தொடக்கப் பள்ளியில் படிக்கும்போது பையன் எப்போதும் ஒரு துடைப்பத்தோடு திரிவானாம். கூட்டுவதற்கு இல்லீங்க, அதுதான் அவனுக்குக் கிட்டார்! அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பது போலவே பாவனை செய்வான். இதை அந்தப் பள்ளியில் இருந்த சமூகப் பணியாளர் ஒருவர் கவனித்தார். இந்தப் பையனுக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுக்காமல் விட்டால் மனசு கெட்டுப்போகும் என்று, ஏழைக் குழந்தைகளுக்கான நிதியிலிருந்து பணம் கேட்டுக் கடிதம் எழுதினார். நிதி கிடைக்கவில்லை. அப்பாவும் வாங்கித் தரவில்லை. அந்தக் கடிதத்தை எழுதினாரே, அவரை நினைத்தால் எனக்கு ஆச்சரியமா இருக்கு. துடைப்பம் வைத்து விளையாடும் பையனைத் திட்டாமல் அவனுக்காக ஒரு கடிதம் எழுத எத்தனை பேருக்குத் தோன்றும்?

1957இல் அப்பாவோடு ஒரு வீட்டில் வேண்டாத சாமான்களை அள்ளிப் போடும் வேலைக்குப் போனபோது, குப்பையில் ஒரு உக்குலேலே கிடைத்தது. கிட்டாரின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும் வாத்தியம் அது. அதில் ஒரே ஒரு கம்பிதான் மிச்சம். அந்த ஒற்றைக் கம்பியை வைத்துக்கொண்டே ரேடியோவில் வரும் பாட்டுகளை ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடிப் பிடித்து வாசித்தான். அதே வருஷம் எல்விஸ் பிரெஸ்லி சியாட்டிலுக்குப் பாட வந்தார். டிக்கெட்டுக்குக் காசில்லாத ஜிமி, மைதானத்துக்கு வெளியே மேட்டில் நின்று பார்த்தான். அடுத்த வருஷம், அம்மா இறந்த பிறகு, 5 டாலருக்கு ஒரு பழைய மரக் கிட்டார் கிடைத்தது. முதல் மின்சாரக் கிட்டாரை 1959இல் அப்பாவே வாங்கிக் கொடுத்தார். அது திருட்டுப் போனது வேறு கதை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஜிமி இடக்கைக்காரர். இடது கையால் செய்வது பிசாசின் வேலை என்று அப்பா நம்பினார் என்று தம்பி லியோன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதுவது வலது கையால். அப்பா அறைக்குள் வந்தால் கிட்டாரைச் சட்டென்று திருப்பிப் பிடித்து வலக்கையால் வாசிப்பார், அப்பா போனதும் மறுபடி இடக்கை. இப்படியே இரண்டு பக்கமும் வாசிக்கப் பழகிவிட்டார். இதைப் படித்தபோது எனக்கு என் பழைய பள்ளி ஞாபகம் வந்தது. ஒண்ணாம் வகுப்பில் நான் இடது கையில் பென்சில் எடுத்தால் ஸ்கேலால் விரலில் ஒன்று விழும். ஜன்னல் பக்கம் திரும்பியதும் மறுபடி கையை மாற்றிக்கொள்வேன். நான் ஒண்ணும் பெரிய கலைஞன் ஆகிவிடவில்லை. ஆனால் அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

கடையில் கிடைக்கும் கிட்டார் எல்லாம் வலக்கைக்காரர்களுக்குச் செய்தது. ஜிமி அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் மேலே இருக்க வேண்டிய தடிமனான கம்பி கீழே போய்விடும். அதனால் எல்லாக் கம்பிகளையும் கழற்றி வரிசையை மாற்றிக் கட்டிக்கொண்டார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் கைக்கு மேலே வந்துவிட்டன. பிற்காலத்தில் அவர் புகழ் பெற்றது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டாரில். அதையும் கடைசி வரை இப்படித் திருப்பித்தான் வாசித்தார்.

படிப்பைப் பாதியில் விட்டார். 1961இல் திருட்டுக் காரில் போனதாக இரண்டு முறை போலீஸ் பிடித்தது. சிறையா, ராணுவமா என்ற நிலையில் ராணுவத்தில் சேர்ந்தார். 101ஆவது வான்படைப் பிரிவில் பாராசூட்டில் குதிக்கும் பயிற்சி. கிட்டாரை ஊரிலிருந்து அனுப்பச் சொல்லி வாங்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டே தூங்குவாராம். வேலை நேரத்திலும் இவனுக்குக் கிட்டார் நினைப்புதான் என்று மேலதிகாரிகள் குறிப்பு எழுதினார்கள். அங்கே கிடைத்த ஒரே லாபம் பில்லி காக்ஸ் என்ற நண்பர். ஜன்னல் வழியே ஜிமியின் வாசிப்பைக் கேட்டு உள்ளே வந்து அறிமுகமானவர். 1962இல் ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நாலு வருஷம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு ஓட்டலும் அரங்கும் தனித்தனி. அப்படிப்பட்ட அரங்குகளில் ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்களின் குழுவில் இருந்தார். பின்னால் நிற்பவர் கண்ணைப் பறிக்கிற மாதிரி உடுத்தினால் முன்னால் பாடுகிறவருக்குப் பிடிக்குமா? லிட்டில் ரிச்சர்டோடு தகராறு வந்து பிரிந்தார்.

1966இல் நியூயார்க்கில் ஒரு சின்னக் கஃபேயில் வாசித்துக்கொண்டிருந்தபோது, அனிமல்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் சாஸ் சாண்ட்லர் வந்து கேட்டார். லண்டனுக்கு வா என்று கூப்பிட்டார். 1966 செப்டம்பர் 24 அன்று ஜிமி லண்டனில் இறங்கினார். பெயரின் எழுத்துகளை மாற்றி ஜிமி என்று எழுதத் தொடங்கியது இந்தச் சமயத்தில்தான். பாட்டுகளைப் பதிவு செய்யக் காசு போதாமல் சாண்ட்லர் தன் கிட்டார்களையே விற்றார் என்பார்கள்.

வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அக்டோபர் 1 அன்று க்ரீம் என்ற குழுவின் நிகழ்ச்சி. அதில் கிட்டார் வாசித்த எரிக் கிளாப்டனை அப்போது இங்கிலாந்தில் கடவுள் என்றே சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். ஜிமி மேடையேறி ஒரு பாட்டு வாசிக்க அனுமதி கேட்டார். ஒரே பாட்டு. அது முடிவதற்குள் கிளாப்டன் ஆடிப்போய்விட்டார். ஆனால் பிறகு இருவரும் நல்ல நண்பர்கள் ஆனார்கள், அதையும் சொல்லணும்.

மிட்ச் மிட்செல் டிரம்ஸ், நோயல் ரெடிங் பேஸ் கிட்டார், ஜிமி பாட்டும் கிட்டாரும். மூன்றே பேர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்று பெயர். 1966 டிசம்பரில் ஹே ஜோ, 1967 மார்ச்சில் பர்ப்பிள் ஹேஸ், மே மாதம் முதல் ஆல்பம். தன் குரல் நன்றாக இல்லை என்று அவருக்கு வெட்கம். ஸ்டூடியோவில் தடுப்பு வைத்து மறைத்துக்கொண்டு பாடுவார். பாப் டிலன் பாடுவதைக் கேட்ட பிறகுதான் நாமும் பாடலாம் என்று தைரியம் வந்ததாம்.

அவர் செய்த புதுமை என்ன என்று கேட்பவர்களுக்கு நம் பிரேயர் மைக்கை உதாரணம் சொல்வேன். மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனால் கூ... என்று கத்தும், எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வோம், பி.டி. சார் ஓடி வருவார். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், மறுபடி ஸ்பீக்கரில் வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் வரும் சத்தம் அது. மின்சாரக் கிட்டாரிலும் இதே கதைதான். கம்பிக்கு அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் வரும் (பத்தாம் வகுப்பு மின்காந்தத் தூண்டல் பாடம்!). அதைப் பெருக்கி ஸ்பீக்கரில் விட்டால், அந்தச் சத்தமே கம்பியைத் திரும்ப அதிர வைக்கும். மற்றவர்கள் தவிர்க்கப் பார்த்த அந்தக் கத்தலை ஜிமி ஸ்வரமாக்கினார். எவ்வளவு தூரத்தில் நின்றால், எந்தப் பக்கம் திரும்பினால் என்ன சத்தம் வரும் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். காலால் மிதித்துக் குரல் போல ஒலியை மாற்றும் வா-வா பெடலையும் பேச வைத்தார். இத்தனைக்கும் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. தனக்கு வேண்டிய ஒலியை நிறங்களின் பெயரைச் சொல்லி விளக்குவார்.

1967 ஜூன் 18, கலிபோர்னியாவில் மாண்ட்ரே இசை விழா. சொந்த நாட்டுக்கு நட்சத்திரமாகத் திரும்பிய ஜிமி, கடைசியில் கிட்டாருக்குத் தீ வைத்தார். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. எனக்கு இது மட்டும் பிடிக்கலை. ஐந்து டாலர் கிட்டாருக்காக ஏங்கியவர் எப்படி ஒரு கிட்டாரை எரித்தார் என்று புரியவில்லை. கூட்டம் அதையே திரும்பத் திரும்ப எதிர்பார்த்ததில் அவருக்கே பிறகு சலிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதம் இன்னொரு வேடிக்கை. சின்னப் பிள்ளைகளின் செல்லமான மங்கீஸ் குழுவுக்கு முன்னால் இவரை வாசிக்க விட்டார்கள். பிள்ளைகள் இவரைக் கேட்காமல் மங்கீஸ் வேண்டும் என்று கத்தினார்கள்! சில நாளில் அந்தச் சுற்றுப்பயணத்திலிருந்து விலகிவிட்டார்.

1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழா, நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால் பண்ணை நிலத்தில். நான்கு லட்சம் பேர் போல வந்தார்கள். மழை, சேறு, எல்லாம் தாமதம். ஞாயிறு இரவு முடிய வேண்டியது திங்கள் காலைக்குப் போய்விட்டது. 18ஆம் தேதி காலை 9 மணி வாக்கில் ஜிமி மேடை ஏறியபோது முக்கால்வாசிக் கூட்டம் வீட்டுக்குப் போயிருந்தது. அப்போது அமெரிக்க தேசிய கீதத்தைத் தனிக் கிட்டாரில் வாசித்தார். நடுநடுவே குண்டு விழுவது போல, விமானம் பாய்வது போல, ஆட்கள் அலறுவது போலக் கிட்டார் கத்தியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அவருடைய பழைய 101ஆவது பிரிவும் அங்கேதான் இருந்தது. தேசிய கீதத்தை அவமதித்துவிட்டார் என்று பலர் கோபித்தார்கள். டிவி பேட்டியில் கேட்டபோது, தனக்கு அது அழகாகவே தோன்றியது என்று அமைதியாகச் சொல்லிவிட்டார்.

1970இல் நியூயார்க்கில் எலக்ட்ரிக் லேடி என்ற சொந்த ஸ்டூடியோ ஆகஸ்ட் 26 அன்று திறந்தது. மூன்று வாரம்தான். செப்டம்பர் 18 அன்று லண்டனில் இறந்தார். தூக்க மாத்திரையை அளவுக்கு மீறிச் சாப்பிட்டு, மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது. வயது 27. போதைப் பழக்கமும் தூக்கமில்லாத ஓயாத பயணமும் அவரை ஏற்கெனவே அரித்திருந்தன. சில பேர் இதை ஏதோ வீரம் மாதிரி பேசுவார்கள். எனக்கு அப்படித் தோணலை. பக்கத்தில் யாராவது விவரம் தெரிந்தவர் இருந்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாரோ என்றுதான் தோன்றுகிறது. சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரென்டன் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். அவருடைய பாட்டுகளின் உரிமைக்காக அப்பா அல் வழக்குப் போட்டு 1995இல் திரும்பப் பெற்றார். துடைப்பத்தைப் பார்த்துத் திட்டிய அதே அப்பா!

லண்டனில் புரூக் தெருவில் ஜிமி குடியிருந்த வீட்டுக்கு எண் 23. பக்கத்து வீடு எண் 25இல் இருநூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர் ஹேண்டல் என்ற மாபெரும் இசைமேதை. இது தெரிந்ததும் ஜிமி கடைக்குப் போய் ஹேண்டலின் இசைத்தட்டுகளை வாங்கிவந்து கேட்டாராம். இன்று இரண்டு வீட்டையும் சேர்த்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு என் பட்டியல். ஆல் அலாங் த வாட்ச்டவர் (1968): பாப் டிலன் எழுதிய பாட்டு, ஆனால் ஜிமி வாசித்ததைக் கேட்ட பிறகு டிலனே மேடையில் இவர் பாணிக்கு மாறிவிட்டார். த விண்ட் க்ரைஸ் மேரி (1967): தோழியோடு சமையலைப் பற்றி வந்த சண்டைக்குப் பின் எழுதியது, சத்தமே இல்லாத பாட்டு. வூடூ சைல்ட் (1968): இதை வீட்டில் பெரியவர்கள் தூங்கும்போது போடாதீர்கள், எனக்கு அனுபவம் உண்டு. ராக் என்றாலே இரைச்சல் என்று நினைப்பவர்கள் முதலில் லிட்டில் விங் (1967) கேளுங்கள். 2 நிமிடம் 24 விநாடிதான். நம்ம பத்து நிமிஷ இன்டர்வலில் நாலு தடவை கேட்டுவிட்டு, பெல் அடிப்பதற்குள் வகுப்புக்கும் வந்துவிடலாம்.