பாட்டு அவருடையது, கடை அவருடையதல்ல: பி. ராம்லியின் வாழ்க்கை

பி. ராம்லி என்றதும் மலேசியத் தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்த தமிழர்களுக்குத் திடலில் கட்டிய வெள்ளைத் திரை நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்குத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் நினைவுக்கு வரும். மலாய் மொழி முழுதாகப் புரியாத பாட்டிமார்கூட அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், கண்கலங்கினார்கள்.

அந்தக் கலைஞர் 1973ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி மாரடைப்பால் மறைந்தபோது அவருக்கு வயது 44. வீட்டுக்கு வீடு தெரிந்த முகம், வாய்க்கு வாய் முணுமுணுத்த பாட்டு. ஆனால் கடைசி ஆண்டுகளில் அவர் படங்கள் ஓடவில்லை. பாடல்களுக்குச் சந்தையில் மதிப்பு குறைந்திருந்தது. கையிலும் பெரிய சேமிப்பு இல்லை. இவ்வளவு புகழ் பெற்ற ஒருவர் அந்த நிலைக்கு எப்படி வந்தார்? இசையை விற்கும் தொழில் அன்று எப்படி நடந்தது என்பதில் அதற்கான பதில் இருக்கிறது.

பினாங்கில் தொடங்கிய பாட்டு

1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி பினாங்கில் பிறந்தார் ராம்லி. பெற்றோர் வைத்த பெயர் தெக்கு ஸக்கரியா. தந்தை தெக்கு ஞாக் பூத்தே, சுமத்ராவின் ஆச்சேயிலிருந்து வந்த கடலோடி. தாயார் செ மா, செபராங் பிறையைச் சேர்ந்தவர்.

ராம்லி என்பது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். முன்னால் நிற்கும் 'பி', பூத்தே என்ற தந்தை பெயரின் முதலெழுத்து. தமிழர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரெழுத்தைப் போட்டுக்கொள்வதைப் போலத்தான்.

ஜப்பானியர் ஆட்சி அவருடைய பள்ளிப் படிப்பைக் குலைத்தது. அந்த வயதில் இசைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. யூகலேலே, கித்தார், வயலின், பியானோ என்று ஒவ்வொன்றாகக் கற்றார். போருக்குப் பிறகு பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு, 1947இல் முதல் பரிசு பெற்றார். 'அஸிஸா' என்ற பாடலைச் சொந்தமாக அமைத்ததும் அந்த இளம் வயதில்தான்.

1948இல் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு வேளாண் கண்காட்சியில் அவர் பாடினார். அதைக் கேட்டவர்களில் ஒருவர், இந்தியாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் மலாய்ப் படங்களை இயக்கிக்கொண்டிருந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ். பாட வந்த இளைஞனைச் சிங்கப்பூருக்கு வரச் சொன்னார் அவர். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ராம்லி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 19 வயது.

ஜாலான் அம்பாஸ் நாள்கள்

பாலஸ்டியர் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜாலான் அம்பாஸ். ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்ஷன்ஸ் படப்பிடிப்பு நிலையம் அங்கேதான் இருந்தது. படத்தை எடுப்பதும் அவர்கள், திரையிடும் அரங்குகளும் அவர்களுடையவை. கேளிக்கைப் பூங்காக்களும் அவர்கள் வசம் இருந்தன. நடிகர்கள், இசைக்கலைஞர்கள், தச்சர்கள், தையற்காரர்கள் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். பலர் பக்கத்திலேயே நிறுவனம் கொடுத்த வீடுகளில் தங்கினார்கள். லயத்தில் வாழ்ந்து தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

1953இல் கேத்தே கெரிஸ் நிறுவனம் கிழக்குக் கரைப் பக்கத்தில் போட்டிக்கு வந்தது. அதன் பிறகும் திரைக்குப் பாட்டெழுதிப் பிழைக்க நினைத்த மலாய்க் கலைஞருக்குச் சிங்கப்பூரில் பெரிய வாசல்கள் இரண்டுதான் இருந்தன.

ராம்லியின் முதல் படம் 'சிந்தா' (1948). அதில் வில்லனாக நடித்தார். கதாநாயகனாக நடித்த ரூமாய் நூருக்குப் பின்னணியும் பாடினார். குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எல். கிருஷ்ணன் இந்த நிலையை மாற்றினார். 'பக்தி' (1950) படத்தில் ராம்லியைக் கதாநாயகனாக்கி, தம் பாட்டைத் தாமே பாடவும் வைத்தார்.

அன்றைய மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். கதைகள் பலவும் இந்தியப் படங்களிலிருந்து வந்தவை. பாட்டு வரும் இடம்கூடத் தமிழ், இந்திப் படங்களின் அச்சிலேயே அமைந்தது. அந்த அச்சுக்குள் நின்றபடியே ராம்லி தம் வழியைத் தேடினார். மலாய் 'அஸ்லி', 'ஜோகெட்', இந்திய மெட்டு, அரபு நாடுகளின் சாயல், ரும்பா, சாச்சா தாளங்கள் அனைத்தையும் குழைத்து, கேட்டவுடன் அவருடையது என்று தெரியும் இசையை உருவாக்கினார்.

1955இல் 'பெனாரெக் பெச்சா' மூலம் இயக்குநரானார். கதை ஒரு ரிக்‌ஷாக்காரரைப் பற்றியது. பினாங்கில் பிறந்த 'அஸிஸா' பாடல் இந்தப் படத்தில் ஊரெங்கும் பரவியது. 1956இல் ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் 'ஹங் துவா' படத்தின் இசைக்காக விருது பெற்றார். அடுத்த ஆண்டு தோக்கியோவில் 'அனாக்கு சஸாலி' படத்திற்காகச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

இதில் நிறுவனத்தின் பங்கை மறுக்க முடியாது. வாத்தியக் குழு, ஒலிப்பதிவுக் கூடம், மாதம் தவறாத சம்பளம், மலாயா முழுவதும் படத்தைக் கொண்டுசேர்க்கும் வசதி எல்லாம் அவர்கள் தந்தவை. அவை இல்லாவிட்டால் அந்தப் பினாங்கு இளைஞரின் பாட்டு பினாங்கைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் கதவைத் திறந்துவிட்டவரின் கையில்தான் சாவியும் இருந்தது.

சங்கத் தலைவராக

கலைஞர்கள் தங்களுக்கென்று 'பெர்சாமா' என்ற சங்கம் வைத்திருந்தார்கள். 1957இல் சம்பளக் கோரிக்கை எழுந்து, நிறுவனம் ஐந்து பேரை வேலையிலிருந்து நீக்கியபோது ஜாலான் அம்பாஸில் வேலைநிறுத்தம் வெடித்தது. அப்போது சங்கத்தின் தலைவராக இருந்தவர் ராம்லி. நிறுவனத்தின் மிகப் பெரிய நட்சத்திரமே குறைந்த சம்பளக்காரர்களின் பக்கம் நின்றார்.

படங்களிலும் அவர் தம் தொழிலைப் பற்றிப் பேசத் தயங்கவில்லை. 'செனிமான் பூஜாங் லாப்போக்' (1961) படத்தில் நடிகராகும் ஆசையோடு மூன்று நண்பர்கள் படப்பிடிப்பு நிலையத்துக்கு வருகிறார்கள். அங்கே நடக்கும் கூத்தை, தாம் வேலை பார்த்த நிலையத்தின் மதிலுக்குள்ளேயே படமெடுத்துச் சிரிக்க வைத்தார். 'இபு மெர்துவாக்கு' (1962) படத்தில் வரும் மாமியாருக்கு இசைக்கலைஞன் என்றாலே ஆகாது. மருமகன் படித்த உத்தியோகக்காரனாக இருக்க வேண்டும். பாட்டுக்காரனை ஊர் ரசிக்கும், ஆனால் வீட்டுக்குள் சேர்க்காது என்ற உண்மையை அந்தப் படம் சொன்னது. எஸ். சுதர்மாஜியின் வரிகளுக்கு ராம்லி இசையமைத்த 'கெத்தாரான் ஜீவா' பாடல் இன்றும் மேடைகளில் பாடப்படுகிறது.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

அன்று சிங்கப்பூரில் நடப்பில் இருந்தது 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையின்போது படைத்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர் என்றது அது. அந்தச் சட்டம் 1987 வரை நீடித்தது. பாட்டு ஒலிக்கும் இடங்களிலிருந்து பணம் வசூலித்துப் படைப்பாளிக்குக் கொடுக்கும் 'காம்பஸ்' அமைப்பு சிங்கப்பூரில் உருவானதும் 1987இல்தான். மலேசியாவின் 'எம்ஏசிபி' 1989இல் வந்தது. அதற்குள் ராம்லி மறைந்து 16 ஆண்டுகள் ஆகிவிட்டன.

தமிழ்த் திரையிசைக்கும் இதே கதைதான். படத்துக்காக அமைக்கப்படும் இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்களுக்கு உரிய பங்கை விட்டுக்கொடுத்துவிட முடியாதபடி அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது 2012இல். அதற்கு முன்பு எத்தனையோ பேர் ஒருமுறை வாங்கிய சம்பளத்தோடு தங்கள் பாட்டை மறக்க வேண்டியிருந்தது.

பாலம் கடந்த பிறகு

1963இல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டு இந்தோனீசியாவுடன் மோதல் தொடங்கி, மலாய்ப் படங்களின் பெரிய சந்தை மூடிக்கொண்டது. ஜாலான் அம்பாஸின் பொலிவு மங்கியது. 1964இல் ராம்லி கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்து, உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா நிலையத்தில் சேர்ந்தார். அன்று ஜோகூருக்குப் போக உட்லண்ட்ஸ் பாலம் ஒன்றுதான் சாலை வழி. துவாஸிலிருந்து இரண்டாம் பாலம் வந்தது 1998இல்தான். ஜாலான் அம்பாஸ் நிலையம் 1967இல் மூடப்பட்டது.

கோலாலம்பூரில் 18 படங்களை இயக்கினார். செலவுக்குப் பணம் குறைவு, கருவிகளும் குறைவு. சிங்கப்பூரில் உடன் வளர்ந்த இசைக்குழுவும் அங்கே இல்லை.

அதே நேரத்தில் இளையர்களின் காது மாறிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் அலையைத் தொடர்ந்து மலாயிலும் மின்கித்தார் குழுக்கள் புறப்பட்டன. 'பாப் யே யே' என்று ஊரே அதைப் பாடியது. நான்கைந்து பேர் கொண்ட குழுவைப் பதிவுசெய்ய ஆகும் செலவு பெரிய வாத்தியக் குழுவுக்கு ஆவதைவிட மிகக் குறைவு. இசைத்தட்டு நிறுவனங்கள் விற்பதன் பக்கம் சாய்ந்தன. அந்த இளையர்கள்மீது குற்றம் சொல்வதற்கில்லை. அவர்களும் தங்கள் காலத்தின் இசையைத்தான் பாடினார்கள். ஆனால் கடைக்காரர் அலமாரியை மாற்றியபோது, சொந்தக் கடை இல்லாத ராம்லிக்குத் தம் பாட்டை வைக்க இடம் இல்லாமல் போனது.

அவர் கசந்து ஒதுங்கிவிடவில்லை. 1971இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டில், மரபு இசையின் தரத்தை உயர்த்தும் வழிகளைப் பற்றிக் கட்டுரை படைத்தார். சந்தை கைவிட்ட இசையை நாடாவது தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவர் இயக்கிய கடைசிப் படம். அவருடைய கடைசிப் பாடலாகச் சொல்லப்படும் 'ஆயர் மாத்தா டி கோலாலம்பூர்', அவர் மறைவுக்குப் பிறகு மனைவி சலோமாவின் குரலில் ஒலித்தது.

மாலைகள் பிறகு வந்தன. கோலாலம்பூரின் முக்கியச் சாலை ஒன்று 1982இல் அவர் பெயரைப் பெற்றது. அவர் வாழ்ந்த செத்தாப்பாக் வீடு நினைவகமானது. 1990இல் 'டான் ஸ்ரீ' விருது கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இன்றைய கலைஞருக்கு

இன்று துவாஸ் பக்கம் வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் ஓர் இளைஞர், தம் பாட்டைக் கைப்பேசியிலேயே பதிவுசெய்து உலகத்துக்கு அனுப்பிவிடலாம். ஜாலான் அம்பாஸின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பாட்டு யார் காதுக்குப் போகும் என்பதை இப்போது சில பெரிய இணையத் தளங்கள் முடிவுசெய்கின்றன. கடை மாறியிருக்கிறது. கடைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது மாறவில்லை.

மாறிய இன்னொன்று சட்டம். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக இன்னொருவர் செய்துகொடுக்கும் ஒலிப்பதிவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதைச் செய்தவரே முதல் உரிமையாளர். படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றும் அது கூறுகிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரின் நிலையோ பெரிதாக மாறவில்லை. எனவே கோயில் திருவிழாவுக்கோ, குறும்படத்துக்கோ, விளம்பரத்துக்கோ பாட்டமைக்கும் உள்ளூர்த் தமிழ்க் கலைஞர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு தாளைப் படித்துப் பார்ப்பது நல்லது. பாட்டு யாருக்குச் சொந்தம், பத்து ஆண்டு கழித்து அது ஒலித்தால் பணம் யாருக்கு என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

ராம்லிக்குத் திறமையில் குறைவில்லை, உழைப்பில் குறைவில்லை, மக்களின் அன்பிலும் குறைவில்லை. அந்த இரண்டு கேள்விகளைக் கேட்க அவர் காலத்துக் கலைஞர்களுக்கு வழி இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது.